இரண்டு கையாலும் வாங்கிய ஒயின்

மலைநாட்டு வெள்ளை ஒயினுக்கு எதைப் பரிமாறலாம் என்று யாராவது என்னைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். ஏரி மீன். அதிலும் விரால், முள் குறைவு, சதை கெட்டி. மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. உப்பு, வெள்ளை மிளகு, வெண்ணெய், இறக்கும்போது எலுமிச்சை நாலு சொட்டு, அவ்வளவுதான். கூட, தோலோடு வேகவைத்த குட்டி உருளைக்கிழங்கு. உப்புப் போட்டு அவித்த பச்சை வேர்க்கடலை. புளி ஆகாது, தக்காளி ஆகாது. இனிப்பு அந்தப் பக்கமே வரக்கூடாது. இனிப்புத் தின்ற வாய்க்கு அந்த ஒயின் வெறும் புளித்த தண்ணீர். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். ரொம்பச் சில்லென்று இருந்தால் மணம் எழும்பாது.

இத்தனையும் தெரிந்த நான் அந்த ஒயினை ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை. பதினான்கு வயதில், ஞாயிறு பள்ளியில், மதுவைத் தொடமாட்டேன் என்று ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டேன். அந்த அட்டை இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்ஷனைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர், பையர் என்போம், ஒரு படத்தையும் உள்ளங்கை அகலத் தோல் துண்டையும் கொடுத்துவிட்டுப் போவார். அந்தத் துண்டின் நிறம், மினுக்கம், மென்மை எல்லாம் அப்படியே வருகிற மாதிரி ஒரு ஜோடி செய்து காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால்தான் ஆர்டர். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். தோலை முகர்ந்தே, பதனிடும்போது எந்த மருந்து கூடிவிட்டது என்று சொல்லிவிடுவேன். எங்கள் மேனேஜர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த நாற்காலி எனக்குத்தான் என்று செக்ஷனில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்பினேன் என்பதுகூடச் சரியில்லை. வெறி பிடித்த மாதிரி ஆசைப்பட்டேன்.

ஒயின் வந்த கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பெண்களுக்கான ஷூ வாங்க சுவிட்சர்லாந்திலிருந்து ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை வருவார். அறுபதை நெருங்கியவர், சத்தமாகச் சிரிப்பவர். அவருடைய அண்ணனுக்கு ஏரிக்கரை மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம் உண்டு. வரும்போதெல்லாம் அந்தத் தோட்டத்து ஒயின் ஒரு பாட்டிலைத் துணிப்பையில் சுற்றி எங்கள் முதலாளிக்குக் கொண்டுவருவார்.

முதலாளியை நாங்கள் சாப் என்று அழைப்போம். ஐந்து வேளையும் தொழுகிறவர், நல்ல மனிதர். என் அப்பா இறந்தபோது கல்லறைவரைக்கும் நடந்து வந்தார். அவருக்கு ஒயின் விலக்கு. ஆனால் வந்த விருந்தாளி கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வதும் அவர் வழக்கமில்லை. அதனால் பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, மேசை ஓரத்தில் வைப்பார். பையர் காரில் ஏறியதும் என்னைக் கூப்பிடுவார்.

முதல் தடவை இப்படித்தான் சொன்னார்: "இந்தாங்கம்மா. எங்களுக்கு ஆகாது. உங்க ஆளுங்களுக்கு ஆகும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

சாப், எங்கள் வீட்டிலும் ஆகாது என்று சொல்ல எனக்கு எத்தனை நேரம் பிடித்திருக்கும்? சொல்லவில்லை. ஆபீசில் அத்தனை பேர் இருக்க என்னைக் கூப்பிட்டுக் கொடுக்கிறாரே என்று பூரித்துப் போய், நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சபைக் கமிட்டியில் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர். முதலாளி கொடுத்ததைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. கடைசியில் எங்கள் சபைக் கோயிலுக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. திருவிருந்துக்குத் திராட்சரசம் வேண்டும்தானே? கொண்டுபோய் ஆயரிடம் கொடுத்தேன். அவரும் சுவிட்சர்லாந்து சரக்கு என்று சந்தோஷமாக வாங்கி அலமாரியில் பூட்டினார்.

எங்கள் சபையில் திருவிருந்து ரசத்தைப் பெண்கள் ஐக்கியத்தில்தான் செய்வார்கள். கறுப்புத் திராட்சையைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வடிகட்டினது; தேனாக இனிக்கும். பிறந்ததிலிருந்து எங்களுக்குத் தெரிந்த ரசம் அது ஒன்றுதான். அந்த மாதம் காய்ச்சி வைத்தது பூசணம் பிடித்துவிட்டது. ஆயர் என் பாட்டிலைத் திறந்து பாத்திரத்தில் ஊற்றினார். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று அவருக்கும் சந்தேகம் வந்திருக்கிறது, ஆனால் நேரமாகிவிட்டது. பீடத்தின் முன்னால் முழங்காலில் நின்ற வரிசையில் ஒவ்வொரு முகமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு பெரியம்மா, காது கேட்காதவர், கோயிலே கேட்கும்படி ஆயரைப் பார்த்துச் சொன்னார்: "இன்னா ஐயரே, புளிச்சுப் போச்சே இது!"

கெட்டுப்போன ரசத்தைக் கோயிலுக்குக் கொடுத்தவள் என்ற பெயர் எனக்கு நின்றது. கெடவில்லை, அதன் ருசியே அப்படித்தான் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது, ஆயருக்கும் தெரியாது. என் கணவர் வீட்டுக்கு வந்து, "இனிமே அது நம்ம வாசப்படி ஏறக் கூடாது" என்றார்.

அடுத்த வருடம் பையர் வந்தபோது, பாட்டிலை எனக்குக் கொடுத்ததைச் சாப் சொல்லியிருந்ததால், அவர் அறையில் வைத்தே என்னிடம் கேட்டார், போன வருட ஒயின் எப்படி இருந்தது, எதோடு சாப்பிட்டீர்கள் என்று. சாப் என்னைப் பார்த்தார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "நன்றாக இருந்தது. மீனோடு சாப்பிட்டோம்" என்றேன். பையர் மேசையைத் தட்டினார். அதுதான் சரி, எங்கள் ஊரில் ஏரி மீனோடுதான் குடிப்போம், இல்லாவிட்டால் ஒரே சட்டியில் பாலாடைக்கட்டியை உருக்கி அதில் ரொட்டியைத் தோய்த்துத் தின்போம், இந்த அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று வியந்தார். சாப்பின் முகத்தில் பெருமை. என் கம்பெனியில் இப்படியும் ஒருத்தி இருக்கிறாள் என்ற பெருமை. வாய் தவறி வந்த ஒரு பொய்யால் நான் ஒயின் நிபுணி ஆனேன்.

அதற்குப் பிறகு வந்த பாட்டில்களைக் கணவருக்குத் தெரியாமல் பீரோவின் மேல், பட்டுப்புடவைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். மூன்று சேர்ந்தன.

மேனேஜர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது பையர் சாப்புக்கு ஒரு மெயில் அனுப்பினார். எத்தனையோ வருடமாக ஒயின் கொண்டுவருகிறேன், ஒரு தடவைகூட உங்களோடு உட்கார்ந்து அதைக் குடித்ததில்லை, இந்தத் தடவை ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட ஆசை என்று எழுதியிருந்தார். சாப் என்னைக் கூப்பிட்டார்.

"எங்க வீட்ல அது நடக்காதும்மா. கெஸ்ட் ஹவுஸ்லயும் வச்சுக்க முடியாது. உங்க வீட்ல வச்சுக்கலாமா? உங்களுக்கு அதெல்லாம் தெரியும்."

"வச்சுக்கலாம் சாப்."

"சென்னையிலேர்ந்து நம்ம ஆளு ஒருத்தரும் வருவாரு. பையர்கிட்ட பேச."

"சரி சாப்." பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அந்த மேனேஜர் போஸ்ட்டு..." என்றேன்.

"இந்த விஷயம் நல்லபடியா முடியட்டும். பாத்துக்கலாம். நீங்க இல்லாம இன்னா நடக்குது இங்க?"

இந்தப் பேச்சை நான் எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன்! ஒவ்வொரு தடவையும் போஸ்ட் எனக்குத்தான் என்றே அவர் சொன்ன மாதிரி இருந்தது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்பது இப்போது தெரிகிறது.

இனி விளையாட்டில்லை, அந்த ஒயினுக்கு எது சேரும் என்று நிஜமாகவே கண்டுபிடிக்க வேண்டும். குடிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான், சாம்பிள் செக்ஷன் வழி. ஒரு சாயங்காலம் பீரோ மேலிருந்து ஒரு பாட்டிலை இறக்கினேன். தக்கையைப் பிடுங்க வீட்டில் ஒன்றுமில்லை. செக்ஷனிலிருந்து கொண்டுவந்த குத்தூசியால் குத்திக் குத்தி இழுத்தேன். எட்டு எவர்சில்வர் தட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் ஒயின், பக்கத்தில் ஒரு தின்பண்டம். தோல் துண்டை ஷூவோடு வைத்துப் பார்க்கிற மாதிரி, ஒயினை முகர்ந்து, பண்டத்தைத் தின்று, மறுபடி ஒயினை முகர்ந்தேன். மழை நனைத்த கல்லின் மணம் அதற்கு. கொஞ்சம் பச்சை ஆப்பிள், அடியில் வாதுமைப் பருப்பு. மீன் வறுவலின் மிளகாய்க்கு முன்னால் மணம் செத்துப்போனது. வத்தக்குழம்பு அதைக் கொன்றே விட்டது. தேங்காய்ப்பால் போட்ட கோழி ஸ்டூவுக்குப் பரவாயில்லை. அவித்த வேர்க்கடலையைத் தின்றுவிட்டு முகர்ந்தபோது இரண்டும் ஒரே தோட்டத்தில் விளைந்தவை மாதிரி இருந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிறம் பொருந்திவிட்ட தோலைக் கையில் எடுக்கும்போது வருமே, அந்தச் சிலிர்ப்பு.

அந்த நேரம் பார்த்துக் கணவர் உள்ளே வந்தார்.

"இன்னா இது?"

"ஆபீஸ் வேலைங்க."

"தட்டு தட்டா ஒயினை ஊத்தி வச்சு மோந்து பாக்கறது ஆபீஸ் வேலையா?"

எல்லாவற்றையும் சொன்னேன், சனிக்கிழமை மதியம் நம் வீட்டில்தான் சாப்பாடு என்பதையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"நீ சாப்கிட்ட, நாங்க குடிக்கிறவங்க இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா போஸ்ட்டு போய்டும்."

"அப்ப நீ செய். நான் அன்னிக்கு வீட்ல இருக்க மாட்டேன்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே அவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். லீவு நாள். பூட்டின வகுப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. ஒடுகத்தூர்ப் பக்கத்து ஏரியில் பிடித்த விரால் இரண்டு வந்தது. கழுவி, துண்டு போட்டு, வெண்ணெயில் வாட்டினேன். உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் ஒரே நேரத்தில் இறங்குகிற மாதிரி அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். பையர் தன் பாட்டிலை முந்தின நாளே கொடுத்தனுப்பியிருந்தார். சரியாகக் கால் மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தேன்.

பையரையும் சென்னைக்காரரையும் சாப் தன் காரிலேயே கொண்டுவந்து இறக்கினார். வாசலில் நின்று எல்லோருக்கும் சலாம் சொன்னார், உள்ளே வரவில்லை. ஆனால் டிரைவர் பின்னாலிருந்து பெரிய டேக்சா பாத்திரத்தையும் இரண்டு தூக்கையும் இறக்கினார். பிரியாணி, கத்திரிக்காய்க் கொத்சு, வெங்காயத் தயிர். வெளியூர் விருந்தாளிக்கு இங்கே சாப்பாடு போட்டுவிட்டுப் பிரியாணி அனுப்பாமல் இருந்தால் சாப்புக்கு அது மானக்கேடு. நான் முகர்ந்து முகர்ந்து அமைத்த மேசை நடுவில் மசாலா வாசனையோடு அந்த டேக்சா உட்கார்ந்தது.

சென்னைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும், நல்ல இங்கிலீஷ், நல்ல ஷூ. எங்கள் கம்பெனி ஷூ இல்லை. உட்கார்ந்ததும் தட்டு நிறையப் பிரியாணி எடுத்துக்கொண்டார். கொத்சை அதன்மேல் ஊற்றினார். ஒயினை டம்ளர் முட்ட ஊற்றி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "மேடம், சோடா இருக்கா? ஐஸ்?" கொடுத்தேன். அண்ணன் தோட்டத்து ஒயினில் சோடா பொங்குவதைப் பையர் பார்த்தார். மரியாதையான மனிதர், தலையைத் திருப்பிக்கொண்டார்.

பையர் மீனை ஒரு துண்டு சாப்பிட்டார். ஒரு மிடறு குடித்தார். பிறகு நாலு வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டு, மறுபடி ஒரு மிடறு. "எங்கள் ஊரில்கூட எனக்கு இப்படிக் கிடைத்ததில்லை" என்றார் இங்கிலீஷில். "நீங்கள் குடிக்கவில்லையா?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரிடமும், "அப்புறம், அடுப்படியில்" என்று பொய்தான் சொன்னேன்.

இரண்டாவது தடவை வாட்டிய மீனைத் தட்டில் எடுத்துக்கொண்டு வரும்போது சென்னைக்காரர் கையைத் துடைத்துவிட்டுப் பர்சிலிருந்து ஒரு கார்டை எடுத்துப் பையரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். பையர் அதை மேசைமேல், மீன் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் கம்பெனியின் அடையாளம், கீழே அவர் பெயர், பெயருக்குக் கீழே மேனேஜர் என்று இருந்தது. புதுக் கார்டு, ஓரம்கூட மழுங்கவில்லை. இந்த விஷயம் நல்லபடியா முடியட்டும் என்று சாப் சொன்னபோதே அது அச்சாகிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

தட்டைச் சென்னைக்காரர் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது. சத்தியமாக இருந்தது. "இன்னொரு துண்டு வைக்கட்டுமா சார்?" என்று அவரிடமே கேட்டேன். வைத்தேன்.

அந்த நேரம் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தார். எங்கள் தெருவில் முக்கால்வாசி எங்கள் சபைக் குடும்பங்கள்தான். அவர் மேசையையும் பாட்டிலையும் பார்த்தார், கறிவேப்பிலை வாங்கிக்கொள்ளாமலேயே போனார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆயர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு வேதபாடம் வேறு யாராவது வாசிக்கட்டும் என்றார். பழைய புளிப்பு ரசத்தையும் யாரோ ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டிலேயே இல்லாத மனிதருக்கு அந்தத் தண்டனை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன்.

ஆர்டர் வந்தது, போன வருடத்தைவிட ஜாஸ்தி. சாப் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் நான் அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பையர் ரொம்ப குஷி. உங்களைப் பத்தித்தான் பேச்சு. இனிமே வர்ற பையர்ஸ் எல்லாரையும் கவனிச்சுக்கிற பொறுப்பு உங்களுது. சாப்பாடு, அந்த ஒயின், எல்லாம். உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

"சாப், நான் குடிக்கிறதில்ல. எங்க வீட்லயும் யாரும் குடிக்கிறதில்ல. ஒரு நாளும் குடிச்சதில்ல. நீங்க ஒரு தடவைகூட கேக்கல" என்றேன்.

அவர் திகைத்துப் போனார். அது நடிப்பில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் முகத்தில் வருத்தம்தான் இருந்தது, கோபம் துளியும் இல்லை.

"அல்லாவே! எனக்குத் தெரியாதேம்மா. தெரிஞ்சிருந்தா உங்க வீட்ல அதை வைக்கச் சொல்லுவேனா? எங்களுக்கு ஆகாதது உங்களுக்கும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பேன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப ஏம்மா இத்தினி வருஷமா வாங்கிட்டுப் போனீங்க?"

சென்னைக்காரர்மேல் இருந்த ஆத்திரம், சாப்மேல் இருந்த ஆத்திரம் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் என் பக்கம் திரும்பிவிட்டது. பதில் எனக்குத் தெரியும், என் கணவருக்கும் தெரியும். செக்ஷனில் வேலை இருக்கிறது என்று எழுந்து வந்தேன்.

அதற்கப்புறம் சாப் என்னிடம் பாட்டில் கொடுப்பதில்லை. புது மேனேஜரிடம் கொடுக்கிறார், அவர் சோடா ஊற்றிக் குடிக்கிறார். பையர்களைக் கவனிக்கிற பொறுப்பு மட்டும் என்னிடமே இருக்கிறது. இந்த வருடம் சுவிட்சர்லாந்துக்காரர் வந்தபோது சாப்பைத் தாண்டி நேராக சாம்பிள் செக்ஷனுக்கே வந்துவிட்டார். துணிப்பையை என்னிடம் நீட்டி, "இது உங்களுக்கு மட்டும்" என்றார். வாசலில் சாப் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடிப்பதில்லை என்று இப்போதாவது பையரிடம் சொல்லிவிடுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு விரால் சொல்லி அனுப்பினேன்.